ராணுவ லாரிக்கு முன்னால் போன வண்டி

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். உத்திரமேரூர் பஜாரில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தேன். அந்த முதலாளி எனக்குத் தொழில் சொல்லித் தரவில்லை. அவர் சாப்பிடப் போகிற நேரத்தில் நானே பிரித்துப் பார்த்து, அவர் வருவதற்குள் மாட்டி வைத்துக் கற்றுக்கொண்டேன். பிறகு புளியமரத்தடியில் சாக்கு விரித்துச் சொந்தக் கடை. ஒரு மழையில் அந்த மரத்துக் கிளை முறிந்து என் மேலேயே விழுந்தது. இடது கையில் மாவுக்கட்டோடு வலது கையால் செயின் மாட்டினேன், கடையை மூடவில்லை. பிறகு மோட்டார் சைக்கிள். பிறகு எரிந்துபோன கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது. பிறகு லேத்துப் பட்டறை. பெருநகரிலிருந்து சாலவாக்கம் வரைக்கும் எந்தக் கொல்லையில் எந்த பம்புசெட் என்ன சத்தம் போடும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்.

நின்றுபோன அரிசி மில்லை வாங்கி ஓட வைத்தேன். இரண்டு பெண்களைப் பட்டம் படிக்க வைத்தேன். மூன்று மாடி வீடு கட்டினேன். அஸ்திவாரம் தோண்டும்போதே தண்ணீர் ஊறுகிறது, இந்த இடத்தில் மாடி நிற்காது என்று என்ஜினீயர் சொன்னார். நிற்கிறது. அந்த என்ஜினீயர்தான் இப்போது ஊரில் இல்லை.

இந்த வரிசையில் இன்னும் ஒன்று உண்டு. வருஷா வருஷம் கார்த்திகை மாதத்தில், எல்லையில் உயிர்விட்ட எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் நினைவாக உத்திரமேரூரிலிருந்து மோட்டார் சைக்கிள் ஊர்வலம் புறப்படுகிறதே, அதையும் ஆரம்பித்து வைத்தவன் நான்தான். பேனரில் அப்படிப் போடுவதில்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது.

காவாந்தண்டலத்துக்கு அந்தப் பக்கம் ஏரிக்குப் பின்னால் ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பையன் ஒருவன் பட்டாளத்தில் இருந்தான். பனிமலையில் இறந்துபோனான். அவன் உடலை ராணுவ லாரியில் கொண்டுவந்தார்கள். நல்ல மழைக்காலம். ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வழிகிற கலங்கலில் வெள்ளம் ரோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஊருக்குப் போக அது ஒன்றுதான் தார் ரோடு. லாரிக்கு முன்னால் வந்த போலீஸ் ஜீப் இந்தச் செய்தியைக் கேட்டு என் கடைக்கு எதிரே நின்றுவிட்டது. லாரி ஓட்டுகிறவர் வடக்கத்திக்காரர். என்ன நடக்கிறது என்று தெரியாமல் கண்ணாடிக்குள்ளிருந்து எங்களையே பார்த்தார்.

ஜீப் டிரைவர் தலையை நீட்டினார்.

"பெர்சு, வேற வயி எதனா கீதா?"

"கீது. கரும்புக் கொல்லையோரமா சுத்திக்கினு போவணும். லாரி போவும். என் பின்னால வா."

கையில் கிரீஸ், இடுப்பில் லுங்கி. மாற்றிக்கொள்ள நேரமில்லை. என் பழைய புல்லட்டை உதைத்துக் கிளப்பி லாரிக்கு முன்னால் விட்டேன். அந்த வழியில் இருக்கிற ஒவ்வொரு பம்புசெட்டுக்கும் நான் போயிருக்கிறேன், எந்த வளைவில் மண் இளகும் என்று எனக்குத் தெரியும். அந்த இடங்களில் கையைத் தூக்கி லாரியை நிறுத்தி, ஓரம் காட்டி, நகர வைத்தேன். பஜாரில் கூடியிருந்த பையன்கள் அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். யாரும் ஆரன் அடிக்கவில்லை. ஊர்வலம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் அதுதான் முதல் ஊர்வலம், அதன் முதல் வண்டி என்னுடையது.

அடுத்த வருஷம் அதே நாளில் நாங்கள் பத்துப் பேர் மறுபடி போய்வந்தோம். அதற்கடுத்த வருஷம்தான் மிலிட்டரிக்காரர் வந்தார்.

மிலிட்டரிக்காரர் என்றுதான் ஊரே சொல்கிறது, நானும் அப்படியே எழுதுகிறேன். எங்கள் பக்கத்துத் தெருக்காரர். பட்டாளத்தில் முழு சர்வீஸ் முடித்து ஓய்வு பெற்று வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, முறுக்கின மீசை, நேரான முதுகு. என் முதுகு வண்டிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து வளைந்தது. அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் நாற்காலியில் இருப்பவன் எழுந்துகொள்கிறான். டீ அவருக்கு முதலில் வருகிறது. அந்தக் கடை பாய்லர் ஓட்டை விழுந்தபோது வெல்டு வைத்துக் கொடுத்தவன் நான். எனக்கு டீ வருகிற நேரத்தில் வருகிறது.

ஊர்வலத்தை அவர் கையில் எடுத்துக்கொண்டார். பேனர் வந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை வந்தது. சாலவாக்கம், பெருநகர் பக்கத்துப் பட்டாளத்து வீடுகளும் வழியில் சேர்ந்தன. பத்து வண்டி நாற்பதுக்கும் மேலே ஆனது. முதல் வண்டியில் கொடி கட்டிக்கொண்டு அவரே போனார். பேனரில் 'தலைமை' என்று அவர் பெயர். நல்ல காரியம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் மகள் பரீட்சையில் முதலாவது வந்தபோதுகூடத் தூக்கம் கெடாதவன் நான், அந்த 'தலைமை'யைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன வருஷம் பையன்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், ஒருவரே முன்னால் போவது என்ன நியாயம் என்று. மிலிட்டரிக்காரர் உடனே, "குடவோலை போட்டுடலாம்" என்றார்.

எங்கள் ஊர்க் கோயில் சுவரில் ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டு இருக்கிறது. அந்தக் காலத்தில் ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்க, ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள், யார் யார் பெயரைப் போடலாம், யார் யாருடையதைப் போடக்கூடாது என்றெல்லாம் அதில் வெட்டியிருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் அந்த எழுத்தைப் படிக்க வராது. ஆனால் வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் மனப்பாடம். கிரிக்கெட் டீமுக்குக் கேப்டன் என்றாலும் எங்கள் ஊரில் குடத்தைக் கொண்டு வா என்பார்கள். வேறு எந்த ஊரிலும் மோட்டார் சைக்கிளுக்குக் கல்வெட்டைப் பார்க்க மாட்டார்கள்.

பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிற பாய் என் சிநேகிதர். அவர் கடையில் கூடினோம். பாய்க்கு வண்டி ஓட்டத் தெரியாது, அதனால் அவர் சீட்டு எடுப்பது என்று முடிவு. நான் என் பெயரை எழுதி மடித்துக் குடத்தருகே கொண்டுபோனேன். மிலிட்டரிக்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"அண்ணே, உங்க பேரு போட முடியாதுண்ணே."

"இன்னாத்துக்கு?"

"முப்பத்தஞ்சுக்கு மேல, எழுபதுக்குக் கீழன்னு கல்வெட்டுல கீது. உங்களுக்குப் போன ஆவணியோட எழுபத்தொண்ணு."

கடை முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"அதே கல்வெட்டுல சொந்த மனையில வூடு கட்டிக்கினு இருக்கணும்னும் கீது, தம்பி. எனக்கு மூணு மாடி கீது. நீ வாடகை வூட்ல கீற."

"வேதம் படிச்சிருக்கணும்னு கூட கீதாம்பா," என்றார் பாய். "அப்ப ரெண்டு பேரும் அவுட்டு. என்னைப் போடுங்க, பின்னால ஒக்காந்துக்கினே தலைமை தாங்கறேன்."

மறுபடி சிரிப்பு. நான் விடவில்லை.

"ஒரு தபா இருந்தவன் மூணு வருஷத்துக்கு நிக்கக் கூடாதுன்னும் கீது. நீ போன வருஷம் போனே, அதுக்கு முந்தியும் போனே. உன் சீட்டு மட்டும் எப்டி வந்துச்சு?"

"அது அந்தக் காலத்து ஊர்ச்சபை வாரியத்துக்குண்ணே. இது வண்டிக்கு."

"அப்ப வயசு மட்டும் வண்டிக்கா?"

அதற்குள் பையன்கள் குடத்தை எடுத்துக் குலுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாய் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டார். வந்தது மிலிட்டரிக்காரர் பெயர். எல்லாச் சீட்டிலும் அவர் பெயரே இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். இல்லை, எல்லாப் பெயரும் இருந்தது. என்னுடையது மட்டும் என் கையில் இருந்தது.

என்னைக் கடைசி வண்டியாகப் போட்டார்கள். வழியில் எந்த வண்டி நின்றாலும் பார்க்க ஒரு மெக்கானிக் வேண்டுமாம். "பின்னால நீங்க இருந்தா எங்களுக்கு ஒரு தெகிரியம்ணே," என்றார் மிலிட்டரிக்காரர். எவ்வளவு மரியாதையாக ஒரு மனிதனைக் கடைசியில் நிறுத்தலாம் என்று பட்டாளத்தில் பாடம் நடத்துவார்கள் போலிருக்கிறது.

இருந்தும் ஊர்வலத்தன்று வெள்ளென எழுந்து வண்டியைத் துடைத்தேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நம்ப கல்யாணத்துக்குக் கூட நீ மூஞ்சிய இப்டித் தொடைக்கலியே," என்றாள்.

பஸ் ஸ்டாண்டு அருகே எல்லாருக்கும் நாஷ்டா, பொங்கலும் வடையும். மிலிட்டரிக்காரர் போனில் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சொன்னேன்.

"தம்பி, கடைசியா அந்தப் பனிமலப் பையன் ஊருக்குப் போறப்ப கலங்கல் வயியா போவாத. முந்தாநேத்திலேர்ந்து தண்ணி போவுது. கரும்புக் கொல்லையோரமா சுத்திக்கினு போ."

"ரோடு கிளியர்னு போன்ல காட்டுதுண்ணே. நீங்க வீணா பேஜார் பண்ணிக்காதீங்க."

"போன்ல மழ பெய்யாது தம்பி."

அவர் சிரித்துக்கொண்டு கொடியைச் சரிசெய்யப் போய்விட்டார். நான் கடைசிக்குப் போனேன். பாய் என் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

கடைசி வண்டி ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். சாலவாக்கத்துப் பக்கம் ஒரு வீட்டில், முன்பொரு சண்டையில் இறந்தவருடைய மனைவி எல்லாருக்கும் மோர் வைத்திருந்தார். நான் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போடுவதற்குள் மாலை போட்டு முடிந்துவிட்டது, பானையும் காலி. பெருநகரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி சல்யூட் அடிக்க வைத்திருந்தார்கள். என் வண்டி வரும்போது கையைக் கீழே போட்டுவிட்டு நெற்றியைச் சொறிந்துகொண்டிருந்தார்கள்.

"உனக்கு நான் அடிக்கறேம்பா," என்று பாய் பின்னாலிருந்து என் தோள் மேலே கையை நீட்டி ஒரு சல்யூட் வைத்தார்.

நடுவில் ஒரு பையனுடைய வண்டி நின்றது. பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி, மாட்டிக் கொடுத்தேன். "தேங்க்ஸ் தாத்தா" என்று சொல்லிவிட்டுப் பறந்தான். வளைவுகளில் மட்டும் தூரத்தில் கொடி தெரியும். கொடிக்குக் கீழே அந்த நேரான முதுகும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்கிறேன். சாலவாக்கத்தில் அந்த வீட்டுப் படத்தைப் பார்த்தபோது அந்தப் படத்தின் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது. பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் எடுத்த படம்போல, என் சட்டை வயசுகூட இருக்காத பையன், மீசை சரியாக அரும்பவில்லை, ஊரே வந்து வணங்குகிறது. நான் எழுபத்தொரு வருஷம் உழைத்தும் என்னைத் தேடி ஒரு வண்டி வந்தது என்றால் அது ரிப்பேருக்குத்தான். அப்படி நினைக்கக் கூடாது என்று தெரியும். நினைத்தேன்.

மத்தியானம் காவாந்தண்டலம் தாண்டினோம். ஏரிக்கரை ரோட்டில் திரும்பியதும் முன்னால் இருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக நிற்க ஆரம்பித்தன. அந்த ரோடு ஒரு டிராக்டர் போகிற அகலம். ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், ஒரு பக்கம் நடவு முடிந்த சேற்று வயல். கலங்கல் சத்தம் நான் நின்ற இடத்துக்கே கேட்டது.

"இன்னாபா, ரோடு கிளியரா?" என்றார் பாய்.

நான் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வண்டிகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி மிலிட்டரிக்காரர் நடந்து வந்தார். பளபளப்பான ஷூவிலிருந்து முழங்கால் வரை சேறு.

"அண்ணே, தண்ணி ஜாஸ்தியா போவுது. அந்தக் கரும்புக் கொல்லை வழி..."

"இன்னா தம்பி? சத்தமா சொல்லு. கலங்கல் சத்தத்துல கேக்கல."

"வழி காட்டுங்கண்ணே."

"கேட்டுச்சா பாய்?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. வண்டிய எடு."

அந்த ரோட்டில் ஒரு வண்டி இன்னொரு வண்டியைத் தாண்ட இடமில்லை. அவனவன் நின்ற இடத்திலேயே வண்டியைத் தூக்கித் திருப்பினான். எல்லாம் திரும்பி முடிந்ததும் பார்த்தால், கடைசி வண்டி முதல் வண்டி, முதல் வண்டி கடைசி வண்டி. குடத்தில் பெயர் போடாதவனை அந்த ரோடே முன்னால் நிறுத்திவிட்டது.

"கொடி பின்னால மாட்டிக்கிச்சே," என்று எவனோ கத்தினான். மிலிட்டரிக்காரர் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் வரப் பார்த்தார், முடியவில்லை. கொஞ்ச நேரம் பின்னால் ஏதோ பேச்சு. பிறகு கொடி வந்தது. ஒருவன் கையிலிருந்து அடுத்தவன் கைக்கு, தலைகளுக்கு மேலே, தரையில் படாமல் வந்தது. அவரே கழற்றிக் கொடுத்தாராம். இதை நான் எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுதிவிட்டேன். பாய் கொடியை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

கரும்புக் கொல்லையோரம் அதே வழி. அதே வளைவில் அதே இளகல் மண். லாரிக்கு முன்னால் போனபோது இரண்டாவது கியரில்தான் போனேன், இப்போதும் கை தானாக இரண்டாவதற்கே போனது. அந்த இடங்களில் கையைத் தூக்கினேன். பின்னால் நாற்பது வண்டியும் நின்று நின்று வந்தன.

ஊர் முகப்பில் தண்ணீர்த் தொட்டியருகே, பனிமலையில் இறந்த அந்தப் பையனுடைய அப்பா நின்றிருந்தார். விவசாயி. என்னைவிட வயதில் சிறியவர், பார்க்க என்னைவிடப் பெரியவர். நாங்கள் தெரிவதற்கு முன்பே எழுந்து ரோட்டுக்கு வந்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். நான் வண்டியை நிறுத்தியதும் பக்கத்தில் வந்து பெட்ரோல் டாங்கின் மேலே கையை வைத்தார். சூடாக இருந்திருக்கும். எடுக்கவில்லை.

"இந்த சத்தந்தான்," என்றார். "அன்னிக்கி லாரிக்கு முன்னால வந்துச்சே, இந்த சத்தந்தான்."

"ஆமாங்க. நாந்தான் வந்தேன்."

"நீயா நைனா?" என் முகத்தைப் பார்த்தார். "அன்னிக்கி நான் எந்த மூஞ்சியும் பாக்கல. வூட்டுக்குள்ள ஒக்காந்துக்கினு இருந்தேன். மொதல்ல இது கேட்டுச்சு. பின்னால லாரி கேட்டுச்சு. வருஷா வருஷம் இவ்ளோ வண்டி வருதே, அந்த ஒண்ணு மட்டும் வரலியேன்னு நெனச்சிக்குவேன்."

"வந்துக்கினுதாங்க இருந்தேன். கூட்டத்துல கேட்டிருக்காது."

"அதான் கேக்கல," என்றார். "இன்னொரு தபா உதை நைனா."

உதைத்தேன். அவர் டாங்கில் கை வைத்தபடியே நின்றார். என் வண்டி அவ்வளவு ஒழுங்காக என்றைக்கும் ஓடியதில்லை. சமாதானமாகிவிட்டதா என்று கேட்டால், ஆகிவிட்டது, அந்தக் கொஞ்ச நேரம்.

பிறகு மற்ற வண்டிகள் வந்து சேர்ந்தன. கடைசியாக மிலிட்டரிக்காரர் வந்து, சேற்றைக் கழுவிக்கொண்டு, பாயிடமிருந்து கொடியை வாங்கிக்கொண்டார். எல்லாரும் வீட்டுக்குள் போனார்கள். படத்துக்கு அவர் மாலை போட்டு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். அது அவருக்கு நன்றாக வரும். செல்போன்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மின்னின. நான் வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் இருந்தேன், மறுபடி கலங்கல் பக்கம் எவனும் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே.

மறுநாள் பேப்பரில் வந்தது. முன்னாள் ராணுவ வீரர் தலைமையில் ஊர்வலம், வெள்ளத்தையும் பொருட்படுத்தாமல் வீரரின் கிராமத்தை அடைந்தனர் என்று. படத்தில் அவர் இருக்கிறார், மாலை இருக்கிறது, இதுவரை ஒரு வண்டியையும் துடைத்தறியாத நாலு பேர் இருக்கிறார்கள். ஓரத்தில், ஜன்னலுக்கு வெளியே, ஒரு கண்ணாடி தெரிகிறது. என் புல்லட்டின் இடது பக்கக் கண்ணாடி. பாயிடம் காட்டினேன். "விடுபா, கண்ணாடியாவது வந்துச்சே. நான் வண்டியே ஓட்டாதவன், என் தொப்பி கூட வரல," என்றார்.

நான் விடமாட்டேன். 'தலைமை' அவருக்கே இருக்கட்டும், கொடியும் அவருக்கே இருக்கட்டும், மீசைக்கும் முதுகுக்கும் அது பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வருஷப் பேனரில் அந்தப் பையனுடைய படத்துக்குக் கீழே தனி வரியாக ஒன்று வர வேண்டும்: அன்று ராணுவ லாரிக்கு முன்னால் சென்று வழி காட்டியவர், இன்னார். என் முழுப் பெயர், அப்பா பெயரின் முதல் எழுத்தோடு. வயதைப் போட வேண்டாம். சந்தேகம் இருக்கிறவர்கள் கல்வெட்டைப் பார்க்க வேண்டியதில்லை, ஏரிக்குப் பின்னால் இருக்கிற அந்த ஊருக்குப் போய் அந்த அப்பாவிடம் கேட்கட்டும். அன்று அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் கேட்டார். வண்டியை நான் கொண்டுவந்து உதைத்துக் காட்டுகிறேன். பேனர் அடிக்கிற பையன்களே, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுங்கள். எழுத்து எவ்வளவு பெரியது என்று நான் பார்க்க வேண்டும்.